சாவி மேல்வீட்டில், பேட்டரி கீழ்வீட்டில்

"பேட்டரியைக் குடு பெலாகியா! வாசல்ல கையை விரிச்சுக்கிட்டு நிக்காத, நேரமாவுது!"

"மாட்டேன்னா மாட்டேன். நீங்க தொண்டை கிழியக் கத்துங்க. மூணு மாடி சனமும் எறங்கி வந்து வேடிக்கை பாக்கட்டும்."

மூன்று மாடி சனமும் ஏற்கெனவே இறங்கி வந்தாயிற்று. தரைத்தளத்து ஸ்தாஷியாக் அம்மாவுக்கு மட்டும் இறங்க வேண்டிய வேலை இல்லை. தன் வீட்டு வாசலிலேயே நின்று, காதை மேலே விட்டு, உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். சீவிய கிழங்கையே மறுபடி மறுபடி சீவினாள் என்று பிற்பாடு பேசிக்கொண்டோம்.

சண்டை போட்ட இருவரும் ஓரகத்திகள். மூன்றாம் மாடி ரெகினா மூத்தவள். கணவனை இழந்தவள், குழந்தைகள் காப்பகத்தில் சமையல் வேலை. முதல் மாடி பெலாகியா இளையவள். அவள் புருஷன் சேனோன் சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்க்கிறவன். அக்டோபரில் பீட் கிழங்கு மலையாக வந்து குவிகிற நேரம் என்பதால் ஆள் வீட்டில் இல்லை. இருந்திருந்தாலும் பெலாகியா பேசும்போது அவன் குறுக்கே பேசியதாக நோவி ஸ்தாவ் ஊரில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

"கப்பல் ஆறு மணிக்குடி. பஸ்காரனுங்க காலையிலேர்ந்து ஸ்டிரைக். மிர்காவுக்கு விசா இந்த வாரத்தோட முடியுது. அவ போகலன்னா அக்கரையில அவளைக் கட்டிக்கப் போற வால்தெக் துறைமுகத்துல நின்னு நின்னு காஞ்சு போவான்."

"போகட்டுமே. யாரு வேணாம்னது? பொண்ணு போகட்டும், நல்லா இருக்கட்டும். ஆனா காரு போவுதே, அதுக்கு என்ன பதில்?"

"காரு எங்கடி போவுது?"

"என்னை என்ன, நேத்துப் பொறந்தவன்னு நெனச்சீங்களா? அந்தக் கப்பல்ல காரை ஏத்தலாம். எல்பிளாங்குல ஒருத்தன் பொண்டாட்டி, புள்ளை, நாய், காரு எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு 'ரெண்டு வாரம் லீவு'ன்னு போனான். நாயி கூடத் திரும்பி வரல. காருல பாதி எங்களுது அக்கா. முன் பாதியோ பின் பாதியோ, பாதி எங்களுது!"

ரெகினா கழுத்தில் கிடந்த சின்ன மாதா பதக்கத்தை வெளியே இழுத்துப் பிடித்தாள்.

"இந்த மாதா மேல ஆணை. காரு கப்பல் ஏறாது. போதுமா?"

படிக்கட்டு முழுக்க ஒரு பெருமூச்சு. மாதாமேல் ஆணையிட்ட பிறகு யார் என்ன சொல்ல முடியும்? அது உண்மையான ஆணைதான். கார் கப்பல் ஏறாது என்பதில் ரெகினாவுக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. கப்பல் ஏறப்போவது அவள்.

அவள் மழைக்கோட்டுக்குள் இருந்ததை இப்போதே சொல்லிவிடலாம். இரண்டு கம்பளிப் பாவாடை, மூன்று ரவிக்கை, அவற்றுக்கு மேல் பச்சைக் கம்பளிச் சட்டை, அதற்கு மேல் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. கையில் பெட்டியைப் பார்த்தால் கேள்வி வருமென்று பெட்டியையே உடம்பில் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். இது தெரிந்த ஒரே ஆள் மகள் மிர்கா. அவள் மேல்படியில் பெட்டியோடு நின்று, அம்மாவின் நெற்றியில் வழியும் வியர்வையைப் பார்த்துத் தானும் வியர்த்துக்கொண்டிருந்தாள்.

வழியனுப்பப் போகிற ஆள் திரும்பி வரமாட்டாள் என்று வெளியே தெரிந்தால், காப்பகத்தில் ஒரு விசாரணை, காவல் நிலையத்தில் ஒரு விசாரணை, பாஸ்போர்ட் அம்போ. அதெல்லாம் அப்புறம். முதலில் பெலாகியா பேட்டரியைத் தரமாட்டாள்.

அந்தக் காரைப் பற்றி இரண்டு வார்த்தை. இத்தாலிய ஃபியட்டின் அச்சில் எங்கள் நாட்டில் வார்த்த சின்ன வண்டி. எஞ்சின் பின்னால், பெட்டி வைக்கிற இடம் முன்னால், ஆட்கள் நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு. கடைக்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி நாடு முழுக்க அதைப் 'பொடியன்' என்றுதான் கூப்பிட்டார்கள். பொடியனுக்குப் பதிவு செய்துவிட்டுப் பிள்ளை பெற்றவர்கள், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதில் காரைப் பெற்றார்கள். ரெகினாவின் கணவன் லுசியானும் தம்பி சேனோனும் சேர்ந்து பதிந்தார்கள், சேர்ந்து காத்திருந்தார்கள். நீலம் கேட்டதற்குக் கேரட் நிறத்தில் ஒன்று வந்தது. நிறத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறவன் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதுதான். அதனால் இருவரும் கேரட் நிறம் உலகத்திலேயே அழகான நிறம் என்று சொல்லிக்கொண்டு ஓட்டி வந்தார்கள்.

அண்ணன் இருந்தவரை சண்டை இல்லை. லுசியான் இறந்ததும் பாதி யாருடையது, ஞாயிற்றுக்கிழமை யாருடையது, பெட்ரோல் யாருடையது என்று ஆரம்பித்து, கடைசியில் ஓர் ஏற்பாடு பிறந்தது. சாவி மேல்வீட்டில். பேட்டரியும் வைப்பர் இரண்டும் கீழ்வீட்டில். குளிர்காலத்தில் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்க் கதகதப்பாக வைப்பது எல்லோருக்கும் வழக்கம். வைப்பரைக் கழற்றாமல் போனால் காலையில் இருக்காது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நடுக்கோடையிலும் பேட்டரியை முதுகொடியத் தூக்கிப்போய்ச் சமையலறை முக்காலியில் வைத்து, மேலே பின்னல் துணி போர்த்தியவள் பெலாகியா ஒருத்திதான். இவர்கள் இல்லாமல் அவர்கள் நகர முடியாது, அவர்கள் இல்லாமல் இவர்கள் நகர முடியாது. இரண்டு குடும்பத்தையும் சேர்த்துக் கட்டிப்போட்ட கயிறு அந்தக் கார்தான்.

"ஆணையெல்லாம் சரி. எனக்கு என் கண்ணுதான் சாட்சி. நானும் வர்றேன்" என்றாள் பெலாகியா.

ரெகினா பதக்கத்தை அவசரமாக உள்ளே போட்டாள். "நீ எதுக்கு? எடம் ஏது?"

"ரெண்டு பேரு போற எடத்துல மூணு பேரு போவலாம். எங்க சேனோன் அஞ்சு பேரையும் ஒரு பன்னிக்குட்டியையும் ஏத்திக்கிட்டு வந்திருக்கான். நான் வர்றேன், பேட்டரி வரும். நான் வரல, பேட்டரி வராது."

மிர்கா மேலிருந்து, "சித்தியும் வரட்டும்மா, நேரமாவுது" என்றாள்.

பெலாகியா கிளம்பின வேகத்தைப் பார்த்தால் காலையிலேயே தயாராக இருந்தாள் என்று தோன்றும். தொப்பி வந்தது. வேகவைத்த முட்டை, ரொட்டி, ஊறுகாய் வெள்ளரிக்காய், புட்டியில் தேநீர் எல்லாம் பையில் வந்தன. குடை வந்தது. கடைசியில் பேட்டரியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். ஸ்டியரிங்கை ஒருநாளும் தொட்டறியாதவள், முன்மூடியைத் திறந்து பேட்டரி முனைகளை மாட்டுவதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். வைப்பர்களையும் அவளே மாட்டினாள். ஒன்றைத் திருகும்போதே ரெகினாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன்க்கா, ஒரே ராத்திரியில இப்படிப் பூசினாப்புல ஆயிட்டீங்க?"

"பொண்ணு பிரியறா. அழுது அழுது முகம் வீங்கியிருக்கு."

"முகம் இல்லக்கா, இடுப்பு."

ரெகினா ஓட்டுநர் இருக்கையில் தன்னைத் திணித்தாள். பாவாடைகள் ஒன்றன்மேல் ஒன்று மடங்கி வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே தலையணை வைத்த மாதிரி ஆயிற்று. இரண்டு இருக்கைக்கு நடுவே இருந்த ஸ்டார்ட்டர் பிடியை இழுத்தாள். அந்தப் பிடியின் கம்பி போன வருஷமே அறுந்துபோய், சேனோன் துணி காயப்போடும் கம்பியை முறுக்கிக் கட்டியிருந்தான். பொடியன் இருமினான், தும்மினான், கிளம்பினான். ஸ்தாஷியாக் அம்மா கிழங்குக் கத்தியை ஆட்டி வழியனுப்பினாள்.

ஊர் எல்லை தாண்டுமுன் மழை பிடித்துக்கொண்டது. பீட் வண்டிகள் சிந்திய சேறு சாலை முழுக்க. பின்னிருக்கையில் மிர்காவின் முகவாய் முழங்காலில் இருந்தது, பெட்டி தோளில் இருந்தது. வெப்பக்காற்றைத் திறந்து மூடும் திருகு பின்னிருக்கைக் காலடியில், பெட்டிக்கு அடியில் எங்கேயோ போய்விட்டதால் எஞ்சின் சூடு முழுக்க உள்ளே வந்துகொண்டிருந்தது. ரெகினாவுக்கு முதுகெலும்பு வழியாக வியர்வை ஓடியது. மூன்று ரவிக்கையும் நனைந்து உடம்போடு ஒட்டின.

"கோட்டைக் கழட்டுங்களேன்."

"வேணாம்."

"பொத்தானையாவது தொறங்க. ரொட்டி அடுப்புக்குள்ள ஒக்காந்த மாதிரி இருக்கு."

"சளி பிடிச்சிருக்கு எனக்கு."

"சளி பிடிச்சவ இப்படியா வேர்ப்பா? டாக்டரைப் பாருங்க. எங்க பெரியம்மா இப்படித்தான் ஊதி ஊதி, கடைசியில கழுத்துல கட்டின்னாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வேற எதுவும் விசேஷம் இல்லையே? காப்பகத்துல அந்தத் தோட்டக்காரன் உங்களையே பாக்கறான்னு ஊர்ல பேச்சு" என்றாள்.

"சித்தி!" என்றாள் மிர்கா பின்னாலிருந்து.

"நான் சொல்லலடி, ஊரு சொல்லுது."

சாதாரண நாளாக இருந்தால் ரெகினா இதற்கு நாலு வார்த்தை கொடுத்திருப்பாள். இன்று கடிகாரத்தையும் சாலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். இவள் துறைமுகத்தில் கூடவே ஒட்டிக்கொண்டு நின்றால் என்ன செய்வது? வாசல்வரை வந்தால்? கட்டிப்பிடித்து அழும் சாக்கில் இடுப்பைத் தொட்டால்? நூறு யோசனை வந்தது, ஒன்றும் உருப்படியாக இல்லை.

விஸ்துலா ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் ஒரு போலீஸ்காரன் கையைக் காட்டி நிறுத்தினான். இளவயது, மீசை இன்னும் முழுதாக வளரவில்லை. மழையில் தொப்பி விளிம்பு சொட்டியது.

"எங்க போறீங்க?"

"துறைமுகம். பொண்ணை வழியனுப்ப."

"எஞ்சினை அணைங்க. முன்மூடியைத் தொறங்க."

"அணைக்கணுமா தம்பி? மறுபடி கிளம்பறதுக்கு மூக்கால அழும்."

"அணைங்கம்மா."

அணைத்தாள். முன்மூடிக்குள் உபரிச் சக்கரத்தையும் பேட்டரியையும் பெலாகியாவின் சாப்பாட்டுப் பையையும் குடைந்து பார்த்தான். அப்புறம் குனிந்து ரெகினாவைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் கழுத்துப்பக்கம் கோட்டு விலகி, பச்சைக் கம்பளியும் சாம்பல் கம்பளியும் வரப்பு வைத்த மாதிரித் தெரிந்தன. ரெகினா காலரை இழுத்து மூடினாள்.

"அவங்களுக்குச் சளி, தம்பி. முட்டை சாப்பிடறியா?" என்றாள் பெலாகியா.

அவன் முட்டையை வாங்கிக்கொண்டு கையை அசைத்தான். ரெகினா ஸ்டார்ட்டர் பிடியை இழுத்தாள். பிடி நோகாமல் கையோடு வந்தது. துணிக்கம்பி அறுந்துவிட்டது.

கூரையில் மழை மட்டும் பேசியது.

"மணி நாலே முக்கால்" என்றாள் மிர்கா.

"உங்க கொழுந்தனை நம்பினா இப்படித்தான்" என்றாள் பெலாகியா, ஏதோ சேனோன் தன் புருஷனே இல்லை என்பதுபோல. குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "நான் பின்னால போய்க் குத்தறேன். சாவியைத் திருப்பி வெச்சுக்குங்க."

பொடியன் வைத்திருக்கும் யாருக்கும் இது புதிதில்லை. கம்பி அறுந்தால் பின்மூடியைத் திறந்து, ஒரு குச்சியை உள்ளே விட்டு ஸ்டார்ட்டர் நெம்புகோலைக் குத்த வேண்டும். சில வீடுகளில் அதற்கென்றே விளக்குமாற்றுக் கட்டை உண்டு. பெலாகியாவுக்குக் குடைக்கம்பு போதுமானதாக இருந்தது. ஒரே விஷயம், உள்ளே இருப்பவர் கியரை எடுத்துவிட்டிருக்க வேண்டும். கணவனிடம் பாடம் கேட்ட நாளிலிருந்து ரெகினா அதை மறந்ததில்லை. அன்று மறந்தாள்.

குடை குத்தியதும் பொடியன் தவளை மாதிரி முன்னால் ஒரு தாவு தாவினான். போலீஸ்காரன் பாதி முட்டையோடு சாலையோரப் பள்ளத்தில் குதித்தான். குடையோடு போன பெலாகியா தொப்பி ஒரு பக்கம், தான் ஒரு பக்கமாகச் சேற்றில் குப்புற விழுந்தாள். எஞ்சின் பிடித்துக்கொண்டு கார் நாலு கம்பம் தூரம் ஓடியது. கிளட்சை மிதிக்கத் தேடிய காலுக்குப் பாவாடைகள்தான் தட்டுப்பட்டன. ஒருவழியாக நிறுத்தினாள்.

கண்ணாடியில் பார்த்தாள். மழைக்குள் பெலாகியா கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள். அந்தப் பாரமான உடம்பு அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

"விட்டுட்டுப் போகப் பாத்தே! என்னை நடுரோட்டுல விட்டுட்டுப் போகப் பாத்தே நீ!" மரியாதையெல்லாம் சேற்றோடு போயிற்று.

"இல்லடி. கியரு. கியரை எடுக்க மறந்துட்டேன். மாதா சத்தியமா."

"ஒரு நாளைக்கு எத்தனை சத்தியம் பண்ணுவ?"

கதவைச் சாத்தி உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். மிர்கா கைக்குட்டையை நீட்டினாள். பெலாகியா கன்னத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பாலம் கடந்த பிறகு பேசினாள். குரல் இறங்கியிருந்தது.

"பேட்டரியை நான் பிடிச்சு வெச்சுக்கறது உனக்குக் கேலியாத்தான் இருக்கும். ஊரே சிரிக்குது, எனக்குத் தெரியாதா? லுசியான் மாமாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன அன்னிக்கு எவ்வளவு பனி? கட்டடத்துல ஒரு வண்டி கிளம்புச்சா? நம்ம வண்டி ஒண்ணுதான் கிளம்புச்சு. ஏன்? பேட்டரி என் அடுப்படியில சூடா இருந்துச்சு. அதுலேர்ந்து அதை வெளியில விடவே எனக்கு மனசு வரல. அவரு போய்ச் சேர்ந்துட்டாரு, அது வேற. ஆனா வண்டி கிளம்புச்சு இல்ல?"

சொல்லிவிடலாமா என்று ரெகினாவுக்கு வாய்வரை வந்தது. பெலாகியா, நான் திரும்பி வரமாட்டேன். நீ வீட்டுக்குப் போக வேறு வழி பார்த்துக்கொள். அவ்வளவுதான், சின்ன வாக்கியம். கண்ணாடியில் மிர்காவின் கண்கள் 'வேண்டாம்' என்றன. ரெகினா வைப்பரை வேகமாகப் போட்டாள். அதற்கு ஒரே வேகம்தான் என்பதையும் மறந்து.

துறைமுகத்தை அடைந்தபோது கப்பலின் விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. சுங்கக் கொட்டகைக்கு முன்னால் கார்கள் ஒரு வரிசை, ஆட்கள் ஒரு வரிசை. கார் வரிசையைப் பார்த்ததும் பெலாகியாவின் முதுகு நிமிர்ந்தது.

"அந்த வரிசைக்குப் போகாத. இங்கயே ஓரமா நிறுத்து."

"நிறுத்திட்டேன்."

"சாவியைக் குடு."

"எஞ்சினை அணைச்சா மறுபடி நீ இறங்கிக் குத்தணும், பெலாகியா. மழை பெய்யுது."

"குத்தறேன். பொண்ணை வாசல்ல விட்டுட்டு வா, நான் குத்தறேன், நீ ஓட்டு. இந்தத் தடவை மட்டும் கியரை எடு." உள்ளங்கையை விரித்துக் காத்திருந்தாள். "சாவி."

ரெகினா எஞ்சினை அணைத்து, சாவியை உருவி அந்தச் சேற்றுக் கையில் வைத்தாள். லுசியான் போன நாளிலிருந்து அது மூன்றாம் மாடி ஆணியை விட்டுப் பெலாகியா கைக்குப் போனதே இல்லை. கொடுத்ததும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அவிழ்ந்தது. அது நிம்மதியா பயமா என்று அவளுக்கே விளங்கவில்லை.

சாவியோடு பெலாகியாவுக்குத் திருப்தி வரவில்லை. இறங்கி முன்மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்றினாள். வைப்பர் இரண்டையும் உருவினாள். மிர்காவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "குளிர்ல தலையை மூடிக்க. அந்த வால்தெக் ஏதாவது வாலாட்டினா சித்திக்கு எழுது" என்றாள். பிறகு பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு, சாவியை மாருக்குள் செருகிக்கொண்டு, மூடிய காருக்குள் கோட்டைக் காவலாளி மாதிரி உட்கார்ந்தாள். இனி இந்தக் கார் இம்மியும் நகராது. அது சத்தியம். காரைக் கட்டிப்போட வேண்டிய எல்லா இடத்திலும் கட்டிப்போட்டாள். காலால் நடந்து போகிற ஆளைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை.

"சீக்கிரம் வா. இன்னும் ரெண்டு முட்டை இருக்கு" என்று கண்ணாடியை இறக்கிக் கத்தினாள்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் மிர்கா அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள்.

"வர்றேல்ல?"

"வர்றேன்."

"திரும்பிப் பாக்காத."

"பாக்கல."

பார்த்தாள். மங்கிய கண்ணாடியைப் பெலாகியா உள்ளிருந்து கையால் துடைத்து ஒரு வட்டம் போட்டிருந்தாள். அந்த வட்டத்துக்குள் தொப்பியில்லாத தலை தெரிந்தது.

சுங்கக்காரி ஐம்பது வயதுக்காரி. சீட்டைப் பார்த்தாள், பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், ரெகினாவின் கழுத்தைப் பார்த்தாள். ஒரு விரலால் கோட்டுக் காலரை விலக்கினாள்.

"எத்தனை போட்டிருக்க?"

"குளிரு, அம்மா."

"எத்தனை நாள் பயணம்?"

"ரெண்டு வாரம். பொண்ணுக்கு நிச்சயம்."

"ரெண்டு வாரத்துக்கு இத்தனை கம்பளியா?"

பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். பெண்களை அழைத்துப் போய்க் கோட்டைக் கழற்றச் சொல்லும் சின்ன அறையின் கதவு அங்கேயே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. சுங்கக்காரி அந்தக் கதவைப் பார்த்தாள். வரிசையின் நீளத்தைப் பார்த்தாள். முத்திரையைக் குத்தினாள்.

"அங்க இன்னும் குளிரும். போ."

கப்பல் சங்கு ஊதியது. ஏணிப்பக்கம் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த துறைமுகத்து ஆள் ஒருவனை, நீல அங்கிக்காரன், முப்பது வயசிருக்கும், ரெகினா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தம்பி, கார் ஓட்டத் தெரியுமா?"

"கப்பல் ஓட்டச் சொன்னாத்தான் தெரியாது."

"வெளியில கேரட் கலர்ல ஒரு பொடியன் நிக்குது. உள்ள ஒரு அம்மா பேட்டரியை மடியில வெச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பாங்க. அவங்களை நோவி ஸ்தாவ்ல கொண்டுபோய் விட்டுரு. பின்னால குச்சியால குத்தித்தான் கிளப்பணும், அவங்களுக்குத் தெரியும். கியரை மட்டும் மறக்காம எடுத்துடு."

"என் வேலை முடிய ஏழாவும்மா. பெட்ரோல் அடிச்சு அத்தனை தூரம் போய்ட்டு நான் எப்படித் திரும்பறது? சும்மாவா?"

ரெகினா கோட்டைத் திறந்தாள். மேலே கிடந்த சாம்பல் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவன் கையில் திணித்தாள். அவளே பின்னியது, லுசியானுக்கென்று தொடங்கி, அவன் இல்லாமல் போனதால் தன் அளவுக்கு முடித்தது. அவன் அதை விரித்துத் தோளில் வைத்துப் பார்த்தான்.

"அவங்ககிட்ட என்ன சொல்லட்டும்?"

ரெகினா யோசித்தாள். மிர்கா ஏணியில் பாதி ஏறி நின்று "அம்மா!" என்றாள்.

"எம் பாதியும் அவளுக்கே. அதைச் சொல்லு."

ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை என்று மிர்கா சொல்கிறாள். பார்த்தாள் என்று அதே கப்பலில் போன வேறொருத்தி சொன்னாள். இரண்டில் எது உண்மை என்று எங்கள் படிக்கட்டில் இன்னும் தீரவில்லை.

பெலாகியா அந்தச் செய்தியை எப்படி வாங்கினாள் என்பதை அந்த நீல அங்கிக்காரன் பிற்பாடு பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறான். முதலில் நம்பவில்லையாம். கப்பல் கண்ணுக்கு மறைந்து, ஏழு மணிக்கு அவன் வேலை முடித்து மறுபடி வந்து கதவைத் தட்டியபோதும் பேட்டரியைக் கட்டிக்கொண்டு, "வருவா, முட்டை இருக்கு, வருவா" என்றாளாம். அப்புறம் வழி நெடுக ரெகினாவைத் திட்டினாள். விஸ்துலா பாலம் வந்ததும் திட்டுவதை நிறுத்தி அழுதாள். பாலம் தாண்டியதும் அவன் போட்டிருந்த சாம்பல் சட்டையை அடையாளம் கண்டு மறுபடி திட்டத் தொடங்கினாள்.

அந்த டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாட்டில் ராணுவச் சட்டம் வந்தது, தொலைபேசிகள் ஊமையாயின, தெருவில் பட்டாளம் நின்றது, எல்லைகள் மூடின. அன்று பெலாகியா மூன்றாம் மாடி ஏறிப்போய்ப் பூட்டிய கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்தாள். அதன்பிறகு ரெகினாவை ஓடிப்போனவள் என்று எவராவது சொன்னால் அவர்கள் பாடு அவ்வளவுதான். அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமையையும் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள்.

மிர்கா வால்தெக்கைக் கட்டவில்லை. துறைமுகத்தில் காத்திருந்தவன் தனியாகக் காத்திருக்கவில்லை என்பது வேறு கதை. அவள் குளிர்பெட்டி பழுதுபார்க்கும் ஒரு ஃபின்லாந்துக்காரனைக் கட்டிக்கொண்டாள். அவன் ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவானாம், நாலும் நல்ல வார்த்தையாம். ரெகினா ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டு, அவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். சேனோன் ஆலை வேலையை விட்டு, அக்கா மகன் வீட்டுத் தோட்டத்தைப் பார்க்கிறேன் என்று பாதி வருஷம் கிராமத்திலேயே தங்கினான். பெலாகியா மூன்று தடவை தோற்று நாலாவது தடவை ஓட்டுநர் உரிமம் வாங்கினாள். அந்த நீல அங்கிக்காரன் போலெக், காரைக் கொண்டுவந்து விட்டவன், அன்று பேருந்துகள் ஓடாததால் திரும்ப வழியில்லாமல் ஸ்தாஷியாக் அம்மா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்து உட்கார்ந்தான். ஸ்தாஷியாக் அம்மாவின் இரண்டாவது மகளை அடுத்த ஈஸ்டருக்குப் பிறகு கட்டிக்கொண்டு எல்பிளாங்குக்குக் குடிபோனான்.